ஜன்னல் திண்டுக்கு எந்தச் சதைப்பற்றுச் செடி: ஹாவொர்த்தியாவும் அதன் போட்டியாளர்களும்

சென்னையில் அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவருக்குச் செடி வைக்க வாய்க்கும் இடம் பெரும்பாலும் மூன்றே: காலை வெயில் ஒன்றரை மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் கிழக்கு ஜன்னலின் திண்டு, வெளிச்சம் இருந்தும் வெயில் விழாத சமையலறைப் பக்கம், எல்லோருக்கும் பொதுவான மொட்டை மாடியில் ஒரு மூலை. இடம் இவ்வளவுதான் என்னும்போது, நான்கு அங்குலத் தொட்டியில் அடங்கிவிடும், பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பினாலும் வாடாத ஒரு சின்னச் செடியையே மனம் நாடுகிறது. இலையிலோ தண்டிலோ நீரைச் சேர்த்து வைக்கும் சதைப்பற்றுச் செடிகளையெல்லாம் நர்சரிக்காரர் ‘சக்குலென்ட்’ என்ற ஒரே பெயரில் அடுக்கி வைத்திருக்கும் தட்டின் முன் நின்றால், தாமரை போல் விரிந்த எச்செவேரியா, வெள்ளை வரி போட்ட ஹாவொர்த்தியா, சோற்றுக்கற்றாழைக் கன்று, ரணகள்ளி, டேபிள் ரோஸ் ஆகிய எல்லாமே ஒரே கவனிப்பில் ஒன்றுபோல வாழும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த எண்ணத்தோடு நான் வாங்கியவற்றில் பாதி கார்த்திகை முடிவதற்குள் குப்பைக்குப் போயின. இந்த ஐந்தோடு, நர்சரித் தட்டில் காணக் கிடைக்காத நம் ஊர்க் கள்ளிமுளையானையும் சேர்த்து, எந்த இடத்துக்கு எதைத் தேர்வது என்று இங்கே பார்க்கிறேன்.

சதைப்பற்றுச் செடி என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு வெயில் தாங்கும் என்பது. சமவெளியில் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு வெப்பமான இரவைத் தாங்கும் என்பதே. இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கடிதம் உதவும். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசில் பணியாற்றி 1819-இல் சென்னையிலேயே காலமான பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர், ரணகள்ளியின் இலையை ஒரே நாளில் வெவ்வேறு வேளைகளில் கடித்துப் பார்த்திருக்கிறார். காலையில் புளியாரைபோல் நன்றாகப் புளித்த இலை, நடுப்பகலில் சுவையற்றுப் போய், மாலையில் சற்றுக் கசந்தது என்று அவர் லண்டனுக்கு எழுதினார்; 1815-இல் அந்தக் கடிதம் லின்னேயன் சங்கம் என்ற இயற்கையியல் அமைப்பின் வெளியீட்டில் அச்சானது. பெரும்பாலான சதைப்பற்றுச் செடிகள், பகலில் நீரை இழக்காமலிருக்க இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அதை ஒருவகை அமிலமாக இலைக்குள் சேமித்து, மறுநாள் வெயிலில் அந்தச் சேமிப்பைச் செலவழித்துத் தமக்கான உணவைச் சமைக்கின்றன. ஹெய்ன் காலையில் சுவைத்த புளிப்பு அந்த இரவுச் சேமிப்புதான்.

ஆகவே இவ்வகைச் செடிக்கு இரவுதான் சம்பாதிக்கும் நேரம். மே மாதத்தில் சென்னையின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலையே 27, 28 டிகிரி செல்சியஸ் என்ற அளவில் நிற்கிறது. கொடைக்கானலில் அதே மாதத்து இரவு அதில் பாதியளவே. குளிர்ந்த இரவுக்குப் பழகிய செடியை வெப்பமான இரவில் வைத்தால் வாங்கும் வாயு குறைகிறது, சுவாசத்தில் செலவாவது கூடுகிறது. வரவு சுருங்கிச் செலவு பெருகிய குடும்பம்போல் அது உள்ளுக்குள் மெலிகிறது. அந்த நிலையில் வேரடியில் ஈரமும் தங்கினால் அழுகல் தொடங்க வேறெதுவும் வேண்டியதில்லை. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், தேர்வுக்கான இரண்டு அளவுகோல்களும் கையில் கிடைத்துவிடும்: ஒன்று புழுக்கமான இரவு, மற்றொன்று ஐப்பசி மழை.

இந்த இரண்டிலும் முதலில் தோற்பது, தட்டிலேயே மிக அழகாக இருக்கும் எச்செவேரியா. அதன் பேரினத்துக்குப் பெயர் தந்தவர் அட்டனாசியோ எச்செவெர்ரியா என்ற மெக்சிகோ ஓவியர். தாவரங்களை வரைந்த அவருடைய நினைவாக 1828-இல் அந்தப் பெயர் சூட்டப்பட்டது. இதன் இனங்களில் பெரும்பாலானவை மெக்சிகோவின் மேட்டுநிலங்களைச் சேர்ந்தவை. பகலில் சுள்ளென்ற வெயிலும் இரவில் நல்ல குளிரும் அவற்றுக்குப் பழக்கம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீட்டு வாசல்களில் அவை தட்டு அளவுக்கு விரிந்திருப்பதைப் பார்த்து மயங்கி, ஒரு மலையூர் நர்சரியிலிருந்து இரண்டு செடிகளை நான் சென்னைக்குக் கொண்டுவந்தேன். சித்திரை வரை குறையொன்றும் இல்லை. வைகாசியில் ஒரு காலை, அடியிலிருந்த இலைகள் ஊறிய ஜவ்வரிசிபோல் ஒளி ஊடுருவும்படி ஆகியிருந்தன. விரல் பட்டதும் காம்பு விட்டுக் கழன்றன. மேலே இலைக்கொத்து பச்சையாகவே இருக்க, நடுத்தண்டு முழுவதும் கருத்திருந்தது. மலையில் வீடு இருப்பவர் தாராளமாக வாங்கலாம். சமவெளியில் இருப்பவர் அதை ஆண்டுக்கொரு முறை வாங்கும் பூங்கொத்தாகக் கருதி வாங்கினால் ஏமாற்றம் இராது.

ஹாவொர்த்தியாவின் கதை வேறு. தட்டுகளில் மிகுதியாகக் கிடைப்பது, வரிக்குதிரைபோல் வெள்ளைப் பட்டைகள் கொண்ட சிறிய செடி. பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயராத இதன் தாயகம் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதி. இலையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தால், பட்டையாகத் தெரிந்தது தொடர்ந்த கோடு அன்று என்பது புலப்படும்: வாசலில் பச்சரிசி மாவால் வைத்த புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுபோல், தடவினால் சொரசொரக்கும் வெண்ணிறக் கொப்புளங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இந்தப் புள்ளிகளை வைத்தே ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். நர்சரிச் சீட்டில் பெரும்பாலும் ‘ஃபேசியாட்டா’ என்று எழுதியிருப்பார்கள். உண்மையான ஃபேசியாட்டாவின் இலைக்கு உட்பக்கம் வழவழப்பாக இருக்கும், புள்ளிகள் வெளிப்பக்கத்தில் மட்டுமே வரும். இருபக்கமும் புள்ளி இருந்தால் அது ‘அட்டெனுவாட்டா’. ஃபேசியாட்டா என்ற பெயரில் விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை அட்டெனுவாட்டாவே. வாங்குகிறவருக்கு இதனால் நட்டமில்லை, ஏனெனில் வளர்க்க எளிது அட்டெனுவாட்டாதான். ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஏட்ரியன் ஹாவொர்த்தின் நினைவாக 1809-இல் ஹாவொர்த்தியா என்று அழைக்கப்பட்ட இந்தச் செடிகளில் ஒரு பகுதியை, மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு 2013-இல் ‘ஹாவொர்த்தியாப்சிஸ்’ என்ற தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள். அட்டெனுவாட்டா இப்போது அதில்தான் இருக்கிறது. கடைக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னாலே போதும்.

இதுவும் இரவுக் குளிரை விரும்பும் செடிதானே, பிறகு எப்படிச் சென்னையில் பிழைக்கிறது என்ற கேள்வி நியாயமானது. பிழைக்கும் வழி, அடங்கிக் கிடப்பது. கோடையின் உச்சத்தில் அது வளர்வதையே ஏறத்தாழ நிறுத்திக்கொண்டு, இலைகளை உள்நோக்கிக் குவித்து, இருப்பதை வைத்து நாளைக் கடத்துகிறது. மார்கழி, தை மாதங்களில் இரவு குளிர்ந்ததும் நடுவிலிருந்து புதிய இலை எட்டிப் பார்க்கும். தாயகத்தில் இது புதர்களின் அடியிலும் புல்லின் மறைவிலும் வளர்வதால் நிழல் இதற்குத் தண்டனை அன்று. வெளிச்சம் நன்றாக வரும் ஜன்னலில், நேர்வெயில் காலையில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் மட்டுமே விழும் இடம் மிகப் பொருத்தம். வெயில் கூடினால் இலை செங்கல் நிறத்துக்கு மாறும். அது நோய் அன்று, நிழலுக்கு நகர்த்தினால் சில வாரங்களில் பச்சை திரும்பும். வெளிச்சம் குறைந்தால் இலைகள் வெளிறி நீண்டு, கொத்தின் கட்டு தளர்ந்துவிடும். நன்றாக இருக்கும் செடியின் நடுவிலிருந்து நூல்போன்ற நீண்ட காம்பு எழுந்து, வெள்ளையில் பசுங்கோடு ஓடிய சின்னஞ்சிறு பூக்களை விடும். அந்தப் பூவைப் பார்த்து வியந்தவரை நான் கண்டதில்லை.

இதற்கு எமன் தண்ணீர்தான். நர்சரியில் இதைத் தேங்காய்நார்த் துகளில் வைத்து விற்கிறார்கள். அது தூக்கிச் செல்ல இலேசாக இருக்கும் என்பதைத் தவிர இந்தச் செடிக்கு அதில் நன்மை இல்லை: நனைந்தால் நாட்கணக்கில் ஈரத்தை விடாது, முற்றிலும் காய்ந்தால் மறுபடி எளிதில் நனையாது. செம்மண் ஒரு பங்கு, தூசு போகக் கழுவிய எம்-சாண்ட் ஒரு பங்கு, பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் சல்லி ஒரு பங்கு என்ற கலவையில் என் செடிகள் ஐந்தாண்டுகளாக இருக்கின்றன. தொட்டி மண்தொட்டியாக இருப்பது மேல். பீங்கான் கோப்பையில் வைத்தே தீருவேன் என்பவர் அடியில் துளையாவது போட்டுவிட வேண்டும். தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவித் தொட்டியின் அடிவரை செருகி எடுத்துப் பார்த்து, அதில் மண் ஒட்டினால் ஊற்றாமலும், உலர்ந்து வந்தால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றியும் வந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருப்பதால் மாதத்துக்கு ஒருமுறைகூடத் தேவைப்படாமல் போகலாம். இலைக்கொத்தின் நடுவில் தண்ணீர் தேங்கவிடக் கூடாது.

பூச்சிகளில் மாவுப்பூச்சி ஒன்றுதான் தொல்லை. இலையிடுக்கில் பஞ்சுபோல் தெரிந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடலாம். வேரில் இருந்தால் வெளியே தெரியாது. காரணமின்றிச் செடி சுருங்கினால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொடி இருந்தால் மண்ணை முழுவதும் கழுவிவிட்டு, புது மண்ணில் வைக்க வேண்டும். அப்போது உள்ளீடற்றுச் சருகாகிப்போன சில பழைய வேர்களும் கையோடு வரும். இந்தச் செடி பழைய வேரைக் கழித்துப் புதுவேர் விடும் இயல்புடையது என்பதால் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பெருக்குவதும் எளிது; தாய்ச்செடியைச் சுற்றி வரும் பக்கக்கன்றுகளை வேரோடு பிரித்து நட்டால் ஆயிற்று. பூனை, நாய் வளர்க்கும் வீட்டுக்கு ஒரு கூடுதல் செய்தி: ஹாவொர்த்தியா அவற்றுக்கு நஞ்சன்று, சோற்றுக்கற்றாழையும் ரணகள்ளியும் நஞ்சு. குறை என்று சொன்னால், இதனால் சமையலுக்கோ மருந்துக்கோ ஒரு பயனும் இல்லை. பார்க்க மட்டுமே.

பயன் வேண்டும் என்கிறவரின் கை இயல்பாகவே சோற்றுக்கற்றாழைப் பக்கம் போகும். அரேபியத் தீபகற்பத்தின் வறண்ட வெப்பத்திலிருந்து வந்த செடி என்பதால் நம் இரவுகள் அதற்குப் புதிதல்ல. வேரோடு பிடுங்கித் திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டபின்னும் அது மாதக்கணக்கில் பசுமையாக இருப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் உறுதியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சிக்கல் அளவில்தான் இருக்கிறது: கன்றாக இருக்கும்போது ஹாவொர்த்தியா அளவே இருக்கும் செடி, ஓரிரண்டு ஆண்டுகளில் முழங்கை நீளத்துக்கு மடல் விட்டு ஜன்னல் கம்பியில் இடிக்கும். தொட்டியைச் சிறிதாகவே வைத்துக் குறுக்கினால் மடல் மெலிந்து, உள்ளே எடுக்கச் சோறு இராது. பயன்பாட்டிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. மடலை வெட்டியதும் தோலுக்கடியிலிருந்து வடியும் மஞ்சள் பால், உள்ளே இருக்கும் சோற்றைப் போன்றதன்று. அதைக் காய்ச்சி எடுப்பதே சித்த மருத்துவத்தின் கரியபோளம், கடுமையான பேதியைத் தருவது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2002-இல், மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் பேதி மருந்துகளில் அதற்கு இடமில்லை என்று அறிவித்தது. வெட்டிய மடலைச் சாய்த்து வைத்து மஞ்சள் பாலை வடியவிட்டு, சோற்றை ஏழு தண்ணீரில் கழுவு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வெறும் சடங்கன்று.

ரணகள்ளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று சிறுவர்கள் பெயர் வைத்துப் பாடப்புத்தகத்துக்குள் அதன் இலையை வைத்திருந்த காலம் பலருக்கும் நினைவிருக்கும். இலை விளிம்பின் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கன்று முளைக்கும் அந்த விந்தைதான் ஜன்னல் திண்டில் அதன் குற்றமும். மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இது நம் இரவையும் மழையையும் எளிதில் கடந்து, இரண்டு மூன்று அடி உயர்ந்து, உதிரும் ஒவ்வோர் இலையாலும் பக்கத்துத் தொட்டிகளைக் கைப்பற்றிவிடும். ஹவாய், கலாபகசுத் தீவுகளில் இது ஆக்கிரமிப்புக் களையாகவே அறியப்பட்டிருக்கிறது. சிறுநீரகக் கல்லுக்கென்று தினமும் காலையில் இதன் இலையை மெல்லும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருப்பதால் ஒன்று கூற வேண்டும்: இதய இயக்கத்தைப் பாதிக்கக்கூடிய பொருள்கள் இந்த இலையில் உள்ளன. ஏற்கெனவே இதய மருந்து உட்கொள்பவர் மருத்துவரைக் கேட்காமல் இதை உண்ணக் கூடாது.

மொட்டை மாடி மூலைக்கு டேபிள் ரோஸை வெல்ல இந்தப் பட்டியலில் ஆளில்லை. தெற்குப் பிரேசில், உருகுவே, அர்ஜென்டினா பகுதிகளிலிருந்து வந்த இந்தச் செடி, மற்றவற்றைப் போல் இரவை நம்பி வாழ்வதன்று. தண்ணீர் கிடைக்கும் வரை சோளம், கரும்பு போன்றவை பின்பற்றும் வழியில் பகலிலேயே வாயுவை வாங்கி உணவு தயாரிக்கிறது, வறட்சி வந்தால் மட்டும் சதைப்பற்றுச் செடிகளின் முறையையும் துணைக்குச் சேர்த்துக்கொள்கிறது. அதனால் வைகாசி இரவின் புழுக்கம் அதற்கு ஒரு பொருட்டில்லை. வெயில் ஏறியதும் மலர்ந்து, பிற்பகலில் கூம்பிவிடும் பூக்களுக்காகவே அதை வளர்க்கிறோம். ஆறு மணி நேர வெயிலாவது இல்லாத இடத்தில் தண்டுதான் நீளும், பூ வராது. இதனாலேயே ஜன்னல் திண்டுக்கு அது உதவாது. காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை, அண்டை வீட்டில் நான்கு விரல் நீளக் கிள்ளல் ஒன்றைக் கேட்டு வாங்கி நட்டால் பிடித்துக்கொள்ளும். தொடர்மழையில் தண்டு அழுகுமென்பதால், புரட்டாசி முடியும்போதே ஐந்தாறு கிள்ளல்களைக் கூரையடியில் ஒரு தொட்டியில் ஊன்றிப் பாதுகாப்பது வழக்கமாக வேண்டும். கீரையும் ஆகட்டும் என்று எண்ணுகிறவர், இதே பேரினத்தைச் சேர்ந்த பருப்புக்கீரையை இதே மூலையில், இதே கவனிப்பில் வளர்க்கலாம்.

கடைசியாகக் கள்ளிமுளையான். அழகுக்காக வைக்கிறவர் இதை விரும்பமாட்டார் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: விரல் பருமனில், நான்கு பட்டையாக, சாம்பல் கலந்த பச்சையில் நிமிர்ந்து நிற்கும் சில தண்டுகள், அவற்றில் தோன்றிய வேகத்தில் உதிரும் பொட்டு இலைகள், அவ்வளவுதான் செடி. ஆனால் மழைக்காலத்தை ஒட்டித் தண்டின் மேற்பகுதியில் பூக்கும் ஐந்து முனை நட்சத்திரப் பூ, பெரிதாக்கிப் பார்க்கும் ஆடியின் கீழ் வைத்துப் பார்க்க வேண்டிய ஒன்று. கருஞ்சிவப்பில் மெல்லிய மயிர்கள் நடுங்கும் அந்தப் பூ வண்டுகளையும் பட்டாம்பூச்சிகளையும் விட்டுவிட்டு ஈக்களையே அழைக்கிறது. சோழமண்டலக் கரையின் செடிகளைப் பற்றித் தாவரவியலாளர் ராக்ஸ்பரோ 1795-இல் தொடங்கி வெளியிட்ட தொகுதிகளில் இது இடம்பெற்றிருக்கிறது. ‘கேரலூமா’ என்ற இதன் பேரினப் பெயர்கூடத் தெலுங்குப் பேச்சிலிருந்து எடுக்கப்பட்டதே. முட்புதரின் அடியில், ஆட்டின் வாய்க்குத் தப்பி வளரும் இந்தச் செடிக்கு நம் இரவும் கோடையும் பிறந்த வீடு. நார் சீவிய இளந்தண்டை நல்லெண்ணெயில் வதக்கி, உளுத்தம்பருப்பும் மிளகாயும் புளியும் சேர்த்து அரைக்கும் துவையல் தென்மாவட்ட வீடுகளில் தெரிந்த பண்டம். உடல் எடையைக் குறைக்கும் மாத்திரையாகவும் இதன் சாறு விற்கப்படுகிறது. அந்தப் பயன் உறுதியாக நிறுவப்பட்டது என்று கொள்வதற்கு இதுவரையிலான சிறிய ஆய்வுகள் போதா.

இதைத் தேர்வதில் இரண்டு தடைகள் உண்டு. இளஞ் சதுரக்கள்ளியைக் கள்ளிமுளையான் என்று தவறாக எடுத்துவிடும் வாய்ப்பு முதலாவது. ஊசி முனையால் தண்டைக் கீறினால் கள்ளிமுளையானில் தெளிந்த நீர் கசியும். வெள்ளைப் பால் வடிந்தால் அது உண்ணத் தகாத கள்ளி, கண்ணில் பட்டால் பெருந்துன்பம். இரண்டாவது, கிடைக்கும் வழி. கரட்டிலிருந்து வேரோடு பெயர்த்து வருவது எளிது என்றாலும், ஒரு தொட்டிக்காக ஒரு புதரடியைக் காலி செய்வதை நான் ஏற்கவில்லை. கிராமத்தில் வேலியோரம் வைத்திருப்பவரிடம் ஒரு கணுத் துண்டு கேட்டு வாங்கி, வெட்டுவாய் உலர நிழலில் நான்கு நாள் போட்டுவைத்து நட்டாலே வேர் பிடிக்கும்.

இனி முடிவு. கிழக்கு ஜன்னலுக்கும் வெளிச்சமான சமையலறைப் பக்கத்துக்கும் ஹாவொர்த்தியா அட்டெனுவாட்டாவையே பரிந்துரைக்கிறேன். வீட்டில் பூனையோ தவழும் குழந்தையோ இருந்தால் வேறெதையும் எண்ணிப் பார்க்கவே வேண்டாம். ஜன்னலில் மூன்று நான்கு மணி நேர வெயில் விழுகிறது, பொறுமையும் இருக்கிறது, ஊரில் கேட்டு வாங்கவும் ஆள் உண்டு என்றால் கள்ளிமுளையான் அதைவிட மேல், ஏனென்றால் அதற்குக் கோடையில் நாம் அஞ்ச வேண்டியதில்லை. மாடிக்கு டேபிள் ரோஸ். சோற்றுக்கற்றாழைக்குத் தரையில் ஒரு பெரிய தொட்டி வைக்க இடமிருந்தால் மட்டும் இடம் கொடுக்கலாம்.

ஹாவொர்த்தியாவை வாங்குவதற்கு ஏற்ற காலம், மழை ஓய்ந்தபின் வரும் மார்கழிப் பிற்பகுதியும் தையும். கோடைக்கு முன் வேரூன்ற அதற்கு மூன்று மாதம் கிடைக்கும். கொண்டுவந்த அன்றே நார்த்துகளை உதறி எடுத்து, அறுந்த வேர்கள் காயும்படி இரண்டு நாள் செய்தித்தாள் மீது நிழலில் கிடத்தி, மூன்றாம் நாள் உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும்.